இரண்டு இனிஷியல், ஒரு பென்ஷன்

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியில் எனக்குச் சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் தட்டு நிறையப் பழமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கோவைப் பக்கம் பம்ப் மோட்டார் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவு. பதினெட்டரை வருடம் வேலை பார்த்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு நூற்பாலையில் ஒன்பது வருடம். வண்டியில் வீடு வரும்போது மனதில் பயமே இல்லை. பி.எஃப். வரும், கிராஜுட்டி வரும், மாதாமாதம் பென்ஷன் வரும், மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி நானும் வீட்டுக்காரரும்தான் என்று நிம்மதியாக இருந்தேன். முதல் பென்ஷன் என் கணக்கில் ஏறியது 2025 ஜூலையில். நடுவில் போன பத்து மாதத்தில் கிராஜுட்டிப் பணம் கிட்டத்தட்ட முழுக்கக் கரைந்தது, அவர் உயிர் பிழைத்ததே பெரிதாகிப் போனது, நான் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தேன் என்று கணக்கே இல்லை. மகள் அப்போது நிறைமாதம் என்பதால் அவளிடமும் எதையும் சொல்லவில்லை. அலைந்தது எல்லாம் தனியாகத்தான். இதை யாராவது ஒரு வருடம் முன்னால் எனக்குச் சொல்லியிருந்தால் முக்கால்வாசி நடந்தே இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

உண்மையில் ஒருத்தி சொன்னாள். என் பிரிவில் வேலை பார்த்த சின்னப் பெண், 2024 பொங்கல் முடிந்து வந்ததும், "அக்கா, இந்த வருசம் ரிட்டையர் ஆகறீங்க, யு.ஏ.என். திறந்து பேரு, பிறந்த தேதி எல்லாம் சரியா இருக்குதான்னு ஒருக்கா பாத்துக்கோங்க" என்றாள். யு.ஏ.என். என்பது பி.எஃப். கணக்குக்காக ஒவ்வொருவருக்கும் தரும் எண். பார்க்கலாம் என்றேன். மார்ச்சில் ஸ்டாக் கணக்கு, ஏப்ரலில் ஆடிட், அப்புறம் மகளுக்கு வளைகாப்பு. சம்பளச் சீட்டில் மாதாமாதம் பி.எஃப். பிடித்தம் வருகிறதே, பிடித்த பணம் எங்கே போய்விடப் போகிறது என்ற எண்ணம் எனக்கு. பணம் எங்கேயும் போகவில்லை. அந்தப் பணத்துக்கு உரியவள் நான்தான் என்று தாளில் இல்லை. சிக்கலே அதுதான்.

முதலில் மருத்துவக் காப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரிய அடி அங்கேதான் விழுந்தது. கம்பெனியில் எங்களுக்குக் குழுக் காப்பீடு இருந்தது. எனக்கும் அவருக்கும் சேர்த்து மூன்று லட்சம். அவருக்கு ஆறு வருடமாக ரத்த அழுத்தம் இருந்தும், குழுக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது, முதல் நாளிலிருந்தே எல்லாம் செல்லும். அந்தக் காப்பீடு என் கடைசி வேலை நாளோடு முடிந்துபோகிறது என்பது எனக்குத் தெரியாது. பாலிசி மார்ச் வரை இருக்கிறதே, அதுவரை நாமும் இருப்போம் என்று நினைத்திருந்தேன். செப்டம்பர் முதல் வாரத்தில் கிராஜுட்டி விஷயமாக அலுவலகம் போனபோதுதான் அங்கே இருந்த பையன் சாதாரணமாகச் சொன்னான்: "உங்க பேரு லிஸ்ட்ல எடுத்தாச்சுங்க அக்கா. வேணும்னா போறதுக்கு முன்னாடியே அதே கம்பெனில தனி பாலிசியா மாத்திருக்கலாமே?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றாலும் தப்பில்லை. குழுக் காப்பீட்டில் இருப்பவர் வேலையை விட்டு வெளியேறும்போது, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்ப பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க முடியும். அவர்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், பிரீமியமும் நம் கையிலிருந்துதான். ஆனால் குழுவில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். அதுதான் பெரிய லாபம். வெளியே வந்தபிறகு புதிதாக வாங்கினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஓய்வுக்கு இரண்டு மாதம் முன்பே மனிதவளப் பிரிவில் போய், எங்கள் குழுக் காப்பீடு எந்த நிறுவனத்துடையது, பாலிசி எண் என்ன, நான் எத்தனை வருடம் அதில் இருந்தேன் என்பதற்குக் கடிதம் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் "பாக்கறேன்" என்பார்கள்.

நான் புதிதாகத்தான் வாங்கினேன். தெரிந்தவர் மூலம் ஒரு முகவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து லட்சம், பிரீமியம் 36,000, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 6,480. அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு எடுக்கப்பட்டுவிட்டது, நான் கட்டியபோது இருந்தது. படிவம் நிரப்பும்போது அந்த முகவர், "பி.பி.யெல்லாம் எழுத வேண்டாங்க, சிக்கல் பண்ணுவாங்க" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுதச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பின்னால் யோசித்துப் பார்த்தால் அந்த மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். மறைத்து வாங்கிய பாலிசியைப் பின்னால் காப்பீட்டு நிறுவனம் ரத்தே செய்யலாம். இப்போது என் பாலிசி உயிரோடு இருக்கிறது, மூன்று வருடம் முடிந்ததும் வீட்டுக்காரருடைய ரத்த அழுத்தம் சார்ந்த சிகிச்சைக்கும் அது செல்லும்.

பாலிசி தொடங்கியது செப்டம்பர் 24. அக்டோபர் 14 விடியற்காலை நாலரை மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சை யாரோ கல் வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். சட்டையெல்லாம் வேர்வை. எதிர்வீட்டுத் தம்பி காரில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆஞ்சியோ எடுத்தார்கள், ஒரு அடைப்பு, அன்றைக்கே ஸ்டென்ட். கவுண்டரில் பாலிசி அட்டையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "இது வராதுங்கம்மா" என்றார்கள். புது பாலிசிகளில் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் கிடையாது. அன்றைக்கு இருபத்தோராவது நாள். முப்பது நாள் தாண்டியிருந்தாலும் ஏற்கெனவே இருந்த ரத்த அழுத்தத்தோடு சேர்த்து மறுத்திருப்பார்கள். அந்தக் கவுண்டர் முன்னால் நின்றபோது எனக்கு அழுகைகூட வரவில்லை, காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. நான்கு நாள், மொத்தம் 1,94,000 ரூபாய். என் கிராஜுட்டி 2,13,750. செப்டம்பர் கடைசியில்தான் வந்திருந்தது. பத்தொன்பது வருடக் கணக்குக்குக் கிடைத்த பணம், நான்கு நாளில் போனது. ஆகஸ்ட் மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

ஓய்வு பெறப் போகிறவர்கள் கம்பெனிக் காப்பீட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். முடிந்தால் 54, 55 வயதிலேயே ஒரு சிறிய சொந்த பாலிசி எடுத்துவிடுங்கள், இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ போதும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலில் இருந்து அதிகபட்சம் மூன்று வருடம்தான். முன்பு நான்கு. வேலையில் இருக்கும்போதே எடுத்தால், 58 வயதில் வெளியே வரும் நாளில் அந்த மூன்று வருடம் கழிந்திருக்கும். பாலிசி கைக்கு வந்ததும் 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளில் அதைப் படியுங்கள். நான் படித்தது ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

சரி, பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரிலேயே பென்ஷன் கேட்டு 10-டி படிவம் போட்டிருந்தேன். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோ, வங்கிப் பாஸ்புக், ஆதார் எல்லாம் கொடுத்தாயிற்று. அக்டோபர் நடுவில், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, போனுக்குச் செய்தி வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. காரணம் பார்த்தால், உறவுமுறை பொருந்தவில்லை. 2006-இல் நான் சேர்ந்தபோது கம்பெனியில் யாரோ என் பதிவில், தந்தை அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு, உறவுமுறையில் தந்தை என்று தேர்வு செய்துவிட்டார்கள். பதினெட்டு வருடமாக பி.எஃப். பதிவில் என் கணவர் எனக்கு அப்பாவாக இருந்திருக்கிறார். எனக்குப் பின்னால் குடும்ப பென்ஷன் அவருக்குப் போக வேண்டும் என்றால் இது எவ்வளவு பெரிய தப்பு என்று யோசித்துப் பாருங்கள். உறுப்பினர் இறந்தபிறகு துணைவருக்குப் பாதி பென்ஷன் உண்டு. அந்தப் பதிவு அப்படியே இருந்து எனக்கு ஏதாவது ஆகியிருந்தால், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனுசன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி நான் அவர் மனைவி என்று நிரூபித்திருக்க வேண்டும்.

இதைத் திருத்த கூட்டு உறுதிமொழி என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஜாயின்ட் டிக்ளரேஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாமும் கம்பெனியும் சேர்ந்து, இந்தத் தகவல் தப்பு, சரியானது இது என்று சொல்ல வேண்டும். வேலையில் இருந்தபோது என்றால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய் முடித்திருக்கலாம். வெளியே வந்தபிறகு, கையெழுத்துப் போடுகிறவர் லீவில் போனார், அப்புறம் மாறிப் போனார், புது ஆளுக்கு என்னைத் தெரியாது. ஐந்து வாரம் ஆனது. 2025 ஜனவரியில் இதைக் கொஞ்சம் எளிதாக்கிவிட்டார்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு வழங்கிய யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், துணைவர் பெயர் போன்றவற்றை நாமே ஆன்லைனில் திருத்தலாம், கம்பெனி ஒப்புதல் தேவையில்லை. என் யு.ஏ.என். அதற்கு முன்பே வந்தது. என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பீர்கள், ஆகவே கம்பெனிக் கையெழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கும், 'நிதி ஆப்கே நிகட்' என்று பெயர். நவம்பர் 27, புதன்கிழமை, நான் ஒரு துணிப்பையில் வீட்டில் இருந்த தாள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனேன். உறவுமுறைத் திருத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கத்தான் போனது. அங்கே இருந்த அதிகாரி பொறுமையான மனிதர். என் சேவைக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்கியும் வேலை பாக்கலீங்களாம்மா?" என்று கேட்டார். மில்லில் ஒன்பது வருடம் பார்த்தேன், அந்தப் பணமெல்லாம் அப்போதே வாங்கியாயிற்று என்றேன். பையைக் கொட்டித் தேடினோம். ரேஷன் கார்டு நகலுக்கும் மகளின் பள்ளி மார்க் ஷீட்டுக்கும் நடுவில் 2003-04 வருடத்து பி.எஃப். ஆண்டுச் சீட்டு ஒன்று மடிந்து பழுப்பேறிக் கிடந்தது. அதில் இருந்த பழைய எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பி.எஃப். பணம் மட்டுந்தான் வாங்கியிருக்கீங்க. பென்ஷன் எடுக்கவே இல்லையே நீங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. மில்லை விட்டபோது 19-ஆம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட்டு பி.எஃப். தொகையை வாங்கினேன். பென்ஷனுக்கு 10-சி என்று தனிப் படிவம், அப்புறம் வாருங்கள் என்று மில் கிளார்க் சொன்னார். வீடு மாறினோம், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, நான் போகவே இல்லை. போகாதது நல்லதாகிப் போனது. பத்து வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் 10-சி போட்டு ஒரு சிறு தொகையைக் கையில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாங்கிவிட்டால் அந்த வருடங்கள் பென்ஷன் கணக்கிலிருந்து அழிந்துவிடும். கம்பெனி மாறுகிற இளையவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கம்பெனிக் கணக்கைப் புதியதோடு சேருங்கள். முடியாவிட்டால் அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். ஸ்கீம் சர்டிபிகேட் என்பார்கள், அந்த வருடங்களைப் பின்னால் பென்ஷன் கணக்கில் சேர்க்க அதுதான் சான்று. ஒரு இருபதாயிரமோ முப்பதாயிரமோ வருகிறது என்று ஆசைப்பட்டு எடுக்காதீர்கள்.

அந்த ஒன்பது வருடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1995 நவம்பர் 16-இல் தொடங்கிய இந்தப் பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் பென்ஷன் கணக்கு இதுதான்: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது அதிகபட்சம் 15,000. அதுவும் 2014 செப்டம்பருக்குப் பிறகான சேவைக்குத்தான். அதற்கு முந்தைய வருடங்களுக்கு 6,500 தான் உச்சம். என் சம்பளம் கடைசியில் 32,000. பாதியாவது வரும் என்று பல வருடம் மனதுக்குள் நினைத்திருந்தேன். இரண்டாவது கம்பெனியின் பதினெட்டரை வருடத்துக்கு மட்டும் போட்டால் மாதம் 2,900 சொச்சம். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது, ஆஸ்பத்திரியில் வராத அழுகை. மில் சேவையைச் சேர்த்தால் 850 ரூபாய் போலக் கூடும். இன்னொன்றும் உண்டு. சேவை 20 வருடத்தைத் தொட்டால் இரண்டு வருடம் போனஸாகச் சேர்ப்பார்கள். எனக்கு ஒரு கம்பெனியை வைத்து மட்டும் இருபது வரவில்லை. இரண்டையும் சேர்த்தால் இருபத்தெட்டு. ஆகப் பழைய சேவை சேர்ந்தால் பென்ஷன் நாலாயிரத்தைத் தொடும். ஆயிரம் ரூபாய் வித்தியாசம் சிலருக்குச் சின்னதாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் அவருடைய மாத்திரைச் செலவு சரியாக அவ்வளவுதான்.

அந்த அதிகாரி இன்னொரு யோசனையும் கேட்டார். 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும், எப்படி அம்மா என்றார். எங்கள் நிலைமைக்கு அது ஒத்துவராது என்றேன். கையில் வேறு வருமானம் இருப்பவர்கள் யோசிக்கலாம். அதேபோல 50 வயதிலிருந்தே முன்கூட்டி வாங்கவும் வழி இருக்கிறது, ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ அத்தனை நான்கு சதவீதம் குறையும், அந்தக் குறைவு ஆயுளுக்கும் இருக்கும்.

இப்போதுதான் இனிஷியல் கதை. மில்லில் சேர்ந்தபோது என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. ஆதாரிலும், இரண்டாவது கம்பெனியிலும், வங்கியிலும் கணவரின் எழுத்து. மில் பதிவேட்டில் பிறந்த வருடமும் ஒன்று தள்ளி இருந்தது, அப்போது யாரும் சான்றிதழ் கேட்டு எழுதவில்லை. ஆக, காகிதத்தில் அந்த மில்லில் வேலை பார்த்தவள் வேறொருத்தி. நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்! கல்யாணத்துக்கு முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு எழுத்து, சிலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் வேறு மாதிரி. அன்றாட வாழ்க்கையில் இதை யாரும் கேட்பதில்லை. பென்ஷன் கேட்டுப் போகும் நாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

கூட்டு உறுதிமொழிக்குக் கையெழுத்துப் போட மில்லே இல்லை, மூடி பன்னிரண்டு வருடம் ஆகிறது. நிறுவனம் மூடிப்போயிருந்தால் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அரசு அதிகாரி, வங்கி மேலாளர் போன்றவர்கள் சான்றொப்பம் இடலாம் என்றார்கள். வங்கி மேலாளர் தயங்கினார். கடைசியில் நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, போட்டுக் கொடுத்தார். கூடவே கல்யாணப் பதிவுச் சான்று வேண்டியிருந்தது. 1993-இல் கோயிலில் நடந்த கல்யாணம், பதிவு செய்யவே இல்லை. கோயில் ரசீது, பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு எல்லாம் வைத்து அதைப் பதிவு செய்தோம். இரண்டு பெயருக்கும் உரியவள் ஒருத்திதான் என்று நோட்டரி வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் எழுதினேன். பிறந்த தேதிக்கு மார்க் ஷீட் போதுமானதாக இருந்தது. இந்தக் காகிதங்களுக்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சேர்த்து ஆறாயிரத்துக்கு மேல் ஆனது, டிசம்பரிலிருந்து மார்ச் வரை நான்கு மாதம் ஓடியது. ஸ்டென்ட் வைத்தவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போவேன்.

மே மாதம் மில் சேவைக்குத் திட்டச் சான்றிதழ் வந்தது. அதை இணைத்து மறுபடி 10-டி. ஜூன் கடைசியில் பென்ஷன் ஆணை, ஜூலையில் பணம். 58 முடிந்த மறுநாளிலிருந்து கணக்குப் போட்டுப் பத்து மாத நிலுவை ஏறக்குறைய நாற்பதாயிரம் மொத்தமாக வந்தது. தாமதமாக விண்ணப்பித்தால் பழைய மாதங்கள் போய்விடும் என்று பலர் பயமுறுத்தினார்கள், அப்படி இல்லை. ஆனால் அந்த மாதங்களில் கையில் காசு இல்லாமல் இருந்த தவிப்பை நிலுவைத் தொகை ஈடு செய்யாது. அதனால் ஓய்வுக்குப் பிறகு ஆறு மாதச் செலவுக்காவது தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

பி.எஃப். தொகை, ஒன்பது லட்சத்துச் சொச்சம், அக்டோபர் கடைசியில் வந்திருந்தது. அதில் எட்டு லட்சத்தைத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். 60 வயது ஆகவில்லையே என்று முதலில் தயங்கினேன். 55 முடிந்து ஓய்வு பெற்றவர்களும் சேரலாம், ஆனால் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். முன்பு ஒரே மாதம்தான் அவகாசம், 2023 நவம்பரில் மூன்றாக்கினார்கள். ஓய்வு பெற்றதற்கும் தொகைக்கும் கம்பெனிக் கடிதம் கேட்பார்கள், அதையும் கடைசி நாளுக்கு முன்பே வாங்கி வையுங்கள். 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 வருகிறது. இப்போது வீடு ஓடுவது இதிலும் பென்ஷனிலும்தான். அவர் தையல் கடையை 2025 ஜனவரியிலேயே மூடிவிட்டார்.

கடை மூடியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும், அதனால் ஒரு கதவு திறந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். நான் சம்பளம் வாங்கியவரை எங்களுக்கு அது பொருந்தாது, அதனால் அந்தத் திட்டம் நமக்கில்லை என்றே மனதில் பதிந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு நிலைமை மாறுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர்தான் சொன்னார். வட்டி, பென்ஷன் எல்லாம் கூட்டினாலும் வரம்புக்குள்தான் வந்தது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, அது வந்ததும் குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்கு இருவரும் போனோம். போட்டோவும் கைரேகையும் எடுத்தார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். வருமானத்தை மறைத்து வாங்கச் சொல்லவில்லை, உங்கள் வருமானம் நிஜமாகவே குறைந்திருக்கும், அதை மறுபடி ஒருமுறை கூட்டிப் பாருங்கள். என் ரத்த அழுத்த மாத்திரையும் இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது.

சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குறைந்தது ஐந்து வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றால், வருடம் 120 ரூபாய் கட்டி நீங்களும் துணைவரும் தொடர்ந்து மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவிலிருந்து போன அண்ணன் ஒருவர் மூன்று வருடமாக இது தெரியாமல் காசு கொடுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வரம்பைத் தாண்டியதால் எனக்கு இல்லை, அவருக்குச் சொன்னேன்.

பென்ஷன் வர ஆரம்பித்ததோடு வேலை முடிவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நின்றுவிடும். எங்கள் பென்ஷனுக்கு நவம்பர் மாதம்தான் என்ற கட்டாயம் இல்லை. எப்போது கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருடம் செல்லும். நான் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள், வயது 51. அவளுடைய காகிதங்களைத் தரையில் பரப்பி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். 2009 வரை வேலை பார்த்த கம்பெனியில் அப்பா எழுத்து, ஆதாரில் மாப்பிள்ளை எழுத்து. உறவுமுறை என்ற இடத்தில் எதுவுமே இல்லை. நல்லவேளையாக அந்தப் பழைய கம்பெனி இன்னும் நடக்கிறது, அவளுக்குத் தெரிந்த கணக்குப் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டிருக்கிறாள். நானும் கூடப் போகிறேன்.